ஊரில் இருக்கிறேன் என்று காட்டும் வேலை

"அமெரிக்காவில் ஏற்கெனவே செனட்டராக இருப்பவர் மறுபடி தேர்தலில் நிற்கும்போது அவருடைய நாட்கள் எப்படிப் போகும்? பதவியில் இருப்பது அவருக்கு வசதியா, தொல்லையா?" என்று கேட்டிருந்தீர்கள்.

வசதிதான். மறுபடி நிற்கும் செனட்டர்களில் பெரும்பாலோர் ஜெயித்துவிடுகிறார்கள். பெயர் தெரிந்த முகம், பணம் கொடுத்துப் பழகிய ஆட்கள், ஊர் ஊராக அறிமுகம் எல்லாம் கையில் இருக்கும். ஆனால் தோற்றவர்களின் கதைகளை எடுத்துப் பாருங்கள், ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும்: "ஆள் வாஷிங்டன்காரர் ஆகிட்டார், நம்மை மறந்துட்டார்." அதனால் மறுதேர்தல் பிரசாரத்தில் பாதிக்கு மேல் "நான் இன்னும் இந்த ஊர்க்காரன்தான்" என்று காட்டுகிற வேலை. மேடைப் பேச்சு, கொடி, கோஷம் எல்லாம் தொலைக்காட்சியில் தெரிகிற பகுதி. நாளில் பெரும்பகுதி போவது தொலைபேசியிலும் விமானத்திலும் காரின் பின்சீட்டிலும்தான்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செனட் என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை. மாநிலத்துக்கு 2 பேர், மொத்தம் 100 செனட்டர்கள். பதவிக்காலம் 6 ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் வரும். தொகுதி என்பது முழு மாநிலம். நம்மூரில் கட்சித் தலைமை சீட்டு கொடுத்தால் முடிந்தது. அங்கே சொந்தக் கட்சி வாக்காளர்களிடமே முதலில் ஒரு தேர்தலில் ஜெயிக்க வேண்டும், அதற்குப் பிரைமரி என்று பெயர். உட்கார்ந்திருக்கும் செனட்டருக்குச் சில சமயம் எதிர்க்கட்சியை விட இதுதான் பெரிய கண்டம்.

முதலில் தொலைபேசி. ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்குக் கொடுக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2025-26 சுற்றில் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். பிரைமரிக்குத் தனி, பொதுத்தேர்தலுக்குத் தனி. கோடிக்கணக்கில் செலவாகும் போட்டிக்கு மூவாயிரம் மூவாயிரமாகச் சேர்க்க வேண்டும் என்றால் எத்தனை அழைப்பு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து இந்த அழைப்புகளைச் செய்யக் கூடாது, அது சட்டப்படி குற்றம். ஆகவே செனட்டர் தன் அறையை விட்டு இறங்கி, நாடாளுமன்ற வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கட்சி அலுவலகத்துக்கு நடந்து போவார். அங்கே ஒரு சின்ன அறை. பக்கத்தில் ஓர் உதவியாளர், கையில் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு பெயர், அவர் மனைவி அல்லது கணவர் பெயர், போன முறை எவ்வளவு கொடுத்தார், இந்த முறை எவ்வளவு கேட்கலாம். உதவியாளர் எண்ணைப் போட்டுக் கொடுப்பார், இவர் பேசுவார். "பிள்ளை கல்லூரியில் சேர்ந்தாச்சா?" என்று ஆரம்பித்துத் தொகையில் கொண்டு போய் முடிக்க வேண்டும். அடுத்த தாள். நாட்டின் போர், சமாதானத்தைத் தீர்மானிக்கிற மனிதர், மதியம் முழுக்க முன்பின் தெரியாத பணக்காரர்களிடம் பல்லிளித்துக்கொண்டிருப்பார். இந்த வேலை பிடிக்கும் என்று சொல்லும் அரசியல்வாதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதைச் செய்யாமலே ஜெயித்த ஒருவர் இருந்தார். விஸ்கான்சினின் வில்லியம் பிராக்ஸ்மயர். 1982-ல் மறுதேர்தலுக்கு அவர் செலவழித்தது 145 டாலர் 10 சென்ட். அதிலும் பெரும்பகுதி, கேட்காமல் வந்த நன்கொடைகளைத் திருப்பி அனுப்பிய தபால் செலவு என்பார்கள். கால்பந்து ஆட்டம் நடக்கும் மைதான வாசலிலும் மாநிலக் கண்காட்சியிலும் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் கை குலுக்குவார், அவ்வளவுதான் பிரசாரம். அவரை எல்லாரும் புகழ்வார்கள், யாரும் பின்பற்றியதில்லை. ஆண்டுக்கணக்கில் அப்படி நின்று கைகொடுத்து முகத்தைப் பழக்கியவருக்குத்தான் அந்த 145 டாலர் போதும்.

அப்புறம் இந்த இரட்டை வாழ்க்கை. பிரசாரத்துக்காகப் பதவியை விட்டு விலகத் தேவையில்லை. வாக்கு எண்ணும் நாளிலும் அவர் செனட்டர்தான். ஆனால் இரண்டு வேலைக்கும் நடுவில் சட்டம் ஒரு சுவர் எழுப்பியிருக்கிறது. அரசு ஊழியர் அரசு நேரத்தில் பிரசார வேலை பார்க்கக் கூடாது. பார்த்தால் விடுப்பில் போய்ப் பார்க்க வேண்டும், அல்லது சம்பளத்தைப் பிரசாரக் கணக்கிலிருந்து வாங்க வேண்டும். தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் அரசு செலவில் வாக்காளர்களுக்கு மொத்தமாகக் கடிதம் அனுப்ப முடியாது. காலையில் ஒரு மருத்துவமனைத் திறப்பு விழா, அது அரசுப் பயணம். மாலையில் நன்கொடை விருந்து, அது பிரசாரப் பயணம். ஒரே ஊர், ஒரே கார், ஆனால் கணக்கு இரண்டு. இதனால் பலர் இரண்டு தொலைபேசி வைத்திருப்பார்கள், தவறான பேச்சு தவறான கருவியில் போய்விடக் கூடாது என்று.

வாஷிங்டனில் வாக்கெடுப்பு வந்தால் இதெல்லாம் குலையும். போகாவிட்டால் "இத்தனை வாக்கெடுப்புக்கு வரவில்லை" என்று எதிராளி விளம்பரம் போடுவார். போனால் ஊரில் ஒரு நாள் போச்சு. இதையே ஆயுதமாக்கியதும் உண்டு. 2018-ல் செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானல், ஆகஸ்ட் விடுமுறையில் பெரும்பகுதியை ரத்து செய்தார். முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்பதுதான் சொன்ன காரணம். ஆனால் அந்த ஆண்டு, டிரம்ப் ஜெயித்திருந்த 10 மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் மறுதேர்தலுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஊரில் கண்காட்சிகளில் கைகொடுத்துக்கொண்டிருக்க வேண்டியவர்களை வாஷிங்டனில் உட்கார வைத்தால் யாருக்கு லாபம் என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, ஊர் விஷயத்துக்கு வருவோம்.

அயோவாவில் 99 கவுண்டிகள். கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல வைத்துக்கொள்ளலாம், ஆனால் ரொம்பச் சின்னது. சக் கிராஸ்லி 1980-ல் செனட்டராகத் தேர்வானதிலிருந்து ஆண்டுதோறும் அந்த 99-க்கும் ஒருமுறையாவது போகிறார். தேர்தல் இல்லாத ஆண்டிலும். கடைசியில் "முழு கிராஸ்லி" என்று அதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது. அயோவாவுக்கு வரும் அதிபர் வேட்பாளர்கள்கூட "நான் முழு கிராஸ்லி முடித்தேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

எதிர் உதாரணம் இந்தியானாவின் ரிச்சர்ட் லூகர். 36 ஆண்டு செனட்டர், சோவியத் அணு ஆயுதங்களைக் கழித்துக்கட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தவர், இரு கட்சியிலும் மதிப்பு. 2012-ல் ஒரு விஷயம் பெரிதாக வெடித்தது: வாக்காளர் பட்டியலில் அவர் கொடுத்திருந்த வீட்டை 1977-லேயே விற்றுவிட்டார். சட்டப்படி செனட்டர் ஊரில் வீடு வைத்திருக்கத் தேவையில்லை என்று அவர் தரப்பு வாதம் செய்தது. வாதம் சரியாகவே இருக்கட்டும், கேட்கிற காதுக்கு எப்படி இருக்கும்? பிரைமரியில் ஏறக்குறைய 60-க்கு 40 என்ற கணக்கில் தோற்றார். இரண்டு ஆண்டு கழித்து கான்சாஸின் பேட் ராபர்ட்ஸும் இதே குழியில் விழப் பார்த்தார். ஊரில் அவருக்குச் சொந்த வீடு இல்லை, ஆதரவாளர் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தார். நிருபர் கேட்டபோது, அந்த வீட்டில் தனக்குச் சாய்வு நாற்காலி இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொன்னார். பிறகு ஒரு வானொலிப் பேட்டியில் "எனக்கு எதிராளி வரும்போதெல்லாம்..." என்று வாய் தவறி, உடனே "வாய்ப்பு வரும்போதெல்லாம் ஊரில்தான் இருக்கிறேன்" என்று திருத்தினார். திருத்தியதை யார் கேட்டார்கள்? ஆனாலும் ஜெயித்துவிட்டார்.

மிசூரியின் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் கதை எனக்குப் பிடித்தது. 2012 மறுதேர்தலுக்கு முன்பு, குடும்பப் பங்கு இருந்த தனி விமானத்துக்கு வரி கட்டாத விவகாரத்தில் மாட்டினார். பாக்கி 2,87,000 டாலர். அதைக் கட்டி, விமானத்தை விற்பதாகச் சொல்லி, ஒருவழியாக ஜெயித்தார். 2018-ல் மாநிலத்தைச் சுற்ற வீட்டு வசதியுள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு சாலைப் பயணம் அறிவித்தார், எளிமையாகத் தெரியட்டும் என்று. நடுவில் சில ஊர்களுக்கு விமானத்தில் போனது வெளிவந்தது. கேட்டபோது, வண்டியிலும் நிறையவே இருந்தேன், அங்கே உடைந்த இழுப்பறை ஒன்று என்னைப் பைத்தியமாக்கியது என்ற மாதிரி பதில் சொன்னார். அந்த முறை தோற்றார். அதற்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு. மாநிலமே குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்துவிட்டது. இருந்தாலும் அந்த இழுப்பறையை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும். பெரிய மாநிலத்தில் தரையில் மட்டும் போனால் நேரம் போதாது, பறந்தால் ஊர்க்காரர் இல்லை என்பார்கள்.

ஊருக்குப் போனபின் என்ன செய்வார்கள்? காலையில் தோசை மாதிரி தட்டையான இனிப்புப் பான்கேக் பரிமாறும் நன்கொடைச் சிற்றுண்டி, ஜூலை 4 ஊர்வலத்தில் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடிக் கைகொடுத்தல், கண்காட்சியில் பன்றி இறைச்சி புரட்டிப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளல். கென்டக்கியில் ஃபேன்சி ஃபார்ம் என்ற சின்ன ஊர், அங்கே ஒரு தேவாலயத் திருவிழா, ஆகஸ்டின் முதல் சனிக்கிழமை. ஆட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சுட்டுப் போடுவார்கள். மாநிலத் தலைவர்கள் எல்லாம் மேடையேற வேண்டும், கூட்டம் இரண்டு பக்கமாக உட்கார்ந்து பேசவிடாமல் கூச்சல் போடும், கூச்சலை மீறிப் பேசி முடிப்பவர்தான் ஆள். 2014-ல் மெக்கானல் தன் எதிராளியோடு அந்த மேடையில் நின்றார். எத்தனை பெரிய பதவியில் இருந்தாலும் அந்த வெயிலில் வியர்க்காமல் தப்ப முடியாது.

கூடவே எப்போதும் ஒரு கேமரா. எதிர்த்தரப்பு அனுப்பிய இளைஞர் ஒருவர் எல்லாக் கூட்டத்துக்கும் வந்து ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்வார். அவருக்கு டிராக்கர் என்று பெயர். 2006-ல் வர்ஜீனியாவின் ஜார்ஜ் ஆலன், மறுதேர்தலில் சுலபமாக ஜெயிப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதிபர் பதவிக்கே அடிபட்ட பெயர். ஆகஸ்ட் 11 அன்று ஒரு மலையோரக் கூட்டத்தில், எதிர் வேட்பாளர் ஜிம் வெப் அனுப்பிய டிராக்கரைக் கைகாட்டி "மகாகா" என்று இரண்டு முறை அழைத்தார். குரங்கினத்தைக் குறிக்கும் இழிசொல். "அமெரிக்காவுக்கு வரவேற்கிறோம்" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த இளைஞர் இந்திய வம்சாவளி, பிறந்து வளர்ந்ததே வர்ஜீனியா. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. யூடியூப் புதிதாக வந்திருந்த காலம். நவம்பரில் ஆலன் தோற்றது 9,000 சொச்சம் வாக்கில். அந்த ஓர் இடத்தோடு செனட்டின் பெரும்பான்மையே கை மாறியது. அதன்பிறகுதான் டிராக்கரைப் பார்த்தால் "வாப்பா, தண்ணி குடிக்கிறியா?" என்று சிரித்துப் பேசச் செனட்டர்கள் பழகினார்கள்.

இத்தனையும் ஒரே ஆள் வாழ்க்கையில் பார்க்க வேண்டும் என்றால் அலாஸ்காவின் லிசா மர்கவ்ஸ்கியின் 2010-ஐத்தான் சொல்வேன்.

அவருடைய அப்பா ஃபிராங்க் மர்கவ்ஸ்கி நீண்ட காலம் செனட்டர். 2002-ல் ஆளுநரானதும், காலியான தன் செனட் இடத்துக்கு மகளையே நியமித்தார். வாரிசு என்ற பேச்சு அன்றிலிருந்தே. 2004-ல் மகள் தேர்தலில் நின்று ஜெயித்தார். 2010 ஆகஸ்ட் 24 குடியரசுக் கட்சிப் பிரைமரியில் அவருக்கு எதிராக ஜோ மில்லர் என்ற வழக்கறிஞர் நின்றார். மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் சாரா பேலினின் ஆதரவு, டீ பார்ட்டி என்ற தீவிர வலதுசாரி இயக்கத்து அமைப்புகளின் பணம். மர்கவ்ஸ்கியின் கையில் பத்து லட்சம் டாலருக்கு மேல் இருந்தும் அதை இறக்காமல் பொதுத்தேர்தலுக்கு வைத்திருந்தார். சுமார் 2,000 வாக்கில் தோற்றார். ஒரு வாரம் கழித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

வழக்கமாக அங்கே கதை முடிந்திருக்கும். கட்சிச் சீட்டு போய்விட்டது, வாக்குச்சீட்டில் அவர் பெயர் வராது. ஆனால் அமெரிக்காவில் ஒரு பழைய வழி உண்டு: ரைட்-இன். வாக்குச்சீட்டில் அச்சிட்ட பெயர்களுக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருக்கும். வாக்காளர் அதில் தானே பெயரை எழுதி, பக்கத்தில் உள்ள நீள்வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். செனட் தேர்தலில் அதற்கு முன்பு கடைசியாக அப்படி ஜெயித்தவர், 1954-ல் தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட். செப்டம்பர் 17 அன்று மர்கவ்ஸ்கி தானும் அப்படி நிற்கிறேன் என்றார். தேர்தல் நவம்பர் 2. ஏழு வாரம்கூட இல்லை. கட்சித் தலைமை ஆதரவை விலக்கிக்கொண்டது, செனட்டில் வகித்த கட்சித் தலைமைப் பொறுப்பையும் விட வேண்டியிருந்தது.

இப்போது பிரச்சினையைப் பாருங்கள். நம்மூரில் சுயேச்சைக்குக்கூட ஒரு சின்னம் கிடைத்துவிடும், எழுத்துத் தெரியாதவரும் பார்த்துப் போடலாம். அங்கே சின்னம் கிடையாது. மர்கவ்ஸ்கி என்பது போலந்துப் பெயர், அலாஸ்காவில் ஆண்டுக்கணக்கில் கேட்டவர்களுக்கே எழுத வராது. எனவே பிரசாரமே எழுத்துக்கூட்டல் வகுப்பாக மாறியது. எம், யு, ஆர், கே, ஓ, டபிள்யூ, எஸ், கே, ஐ. பள்ளி எழுத்துக்கூட்டல் போட்டி மாதிரி ஒரு தொலைக்காட்சி விளம்பரம். பெயர் பொறித்த ரப்பர் காப்புகளை அச்சடித்து ஊர் ஊராக விநியோகித்தார்கள், எழுதும்போது மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று. எவ்வளவு கொள்கை பேசினாலும் ஒவ்வொரு கூட்டமும் முடிவது அந்த இரண்டு கட்டளையில்தான்: வட்டத்தைக் கறுப்பாக்குங்கள், பெயரை எழுதுங்கள். வட்டத்தை விட்டுவிட்டால் பெயரை எத்தனை அழகாக எழுதியிருந்தாலும் ஓட்டு செல்லாது.

பயணமோ, கேட்கவே வேண்டாம். அலாஸ்காவின் பரப்பு 17 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவில் பாதிக்கு மேல். அப்போதைய மக்கள்தொகை 7 லட்சம் சொச்சம். தலைநகர் ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது, கப்பல் அல்லது விமானம். பெத்தேல், நோம் போன்ற ஊர்களுக்கும் அப்படித்தான். அங்கிருந்து இன்னும் சின்ன விமானத்தில் கிராமங்களுக்கு. அக்டோபரில் வானிலை மோசமானால் அன்றைய நாள் காலி. பறப்பது அங்கே ஆபத்தும்கூட: அந்த ஆகஸ்டில்தான் மாநிலத்தின் மூத்த தலைவர் டெட் ஸ்டீவன்ஸ் விமான விபத்தில் இறந்திருந்தார். இறப்பதற்கு முன் மர்கவ்ஸ்கிக்காக அவர் ஒரு விளம்பரம் பேசிக் கொடுத்திருந்தார். குடும்பத்தின் அனுமதியோடு அது அக்டோபரில் ஒளிபரப்பானது.

கைகொடுத்தது அந்தக் கிராமங்கள்தான். அலாஸ்கா பூர்வகுடிகளின் கூட்டமைப்பு அவரை ஆதரித்தது. பூர்வகுடி நிறுவனங்கள் தனி அமைப்பு தொடங்கிப் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தன. நிறுவனங்கள் இப்படித் தேர்தலில் நேரடியாகச் செலவழிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஜனவரியில்தான் கதவைத் திறந்திருந்தது. பல வாக்காளர்களுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருந்த ஊர்களிலிருந்து அந்த நீண்ட போலந்துப் பெயர் கட்டுக்கட்டாக எழுதப்பட்டு வந்தது.

குழப்பிவிடும் வேலையும் நடந்தது. வாக்குச்சாவடியில் கேட்பவர்களுக்கு ரைட்-இன் வேட்பாளர் பட்டியலைக் காட்டலாம் என்று நீதிமன்றம் சொன்னதும், ஒரு வானொலிக்காரர் நேயர்களை எல்லாம் வேட்பாளராகப் பதிவு செய்யச் சொன்னார், பட்டியலில் மர்கவ்ஸ்கியின் பெயர் தொலைந்து போகட்டும் என்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் பதிவும் செய்தார்கள். 2024-ல் ராமநாதபுரத்தில் ஒரு பன்னீர்செல்வத்துக்கு எதிராக இன்னும் சில பன்னீர்செல்வங்கள் மனு போட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.

நவம்பர் 2 இரவு தெரிந்தது ஒன்றுதான்: எழுதிய பெயர்கள் முன்னிலை. யாருடைய பெயர் என்று தெரியாது. ஜூனோவில் மேசை போட்டு ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தார்கள். மில்லரின் ஆட்கள் பக்கத்தில் நின்று ஆட்சேபித்தார்கள். ஓர் எழுத்து விட்டுப்போனால் ஆட்சேபம். ஐ இருக்க வேண்டிய இடத்தில் ஒய் இருந்தால் ஆட்சேபம். பெயரைச் சரியாக எழுதி, பாசமாகக் கட்சிப் பெயரையும் சேர்த்திருந்தால் அதற்கும். ஆட்சேபித்தவை மட்டும் 8,000-க்கு மேல். அதை எல்லாம் ஒதுக்கினாலும் மர்கவ்ஸ்கி 2,000 வாக்கு முன்னிலை. சேர்த்தால் 10,000-க்கு மேல். வாக்காளரின் எண்ணம் புரிந்தால் போதும், எழுத்துப்பிழைக்காக ஓட்டைத் தள்ள முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பர் 22-ல் தீர்ப்பு சொன்னது. டிசம்பர் 30-ல் வெற்றிச் சான்று, ஜனவரியில் பதவியேற்பு.

2016-ல் மறுபடி நின்றபோது அவர் பெயர் சீட்டில் அச்சாகியிருந்தது. எதிரே அதே ஜோ மில்லர், இந்த முறை லிபர்டேரியன் என்ற சிறிய மூன்றாம் கட்சிக்காக. யாரும் எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை.